உல்லன் முயலுக்குப் பின்னால் இருநூறு வருஷக் கதை

தோழியின் பிறந்தநாள், அக்காவின் வளைகாப்பு, சித்தி பையனுக்கு முதல் பிறந்தநாள். இதற்கெல்லாம் என்ன வாங்கிக் கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கு இப்போது புது வழி ஒன்று கிடைத்திருக்கிறது. கையளவு முயல், குட்டி யானை, தொப்பி போட்ட கரடி... உல்லன் நூலில் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்து, இரண்டு கருப்புக் கண் வைத்த பொம்மை. கடையில் வாங்கியதல்ல, கொடுக்கிறவரே உட்கார்ந்து பின்னியது. இதற்கு அமிகுருமி என்று பெயர். பெயர்தான் ஜப்பான்காரர்களுடையது. கற்றுக்கொடுப்பது யூடியூப். பனமரத்துப்பட்டியில் இருக்கிறவருக்கும் பாரிஸில் இருக்கிறவருக்கும் அங்கே ஒரே வாத்தியார்தான்!

(உல்லன் என்று சொல்கிறோமே தவிர, கடையில் அந்தப் பெயரில் விற்கிற நூலில் பெரும்பாலும் ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இருக்காது. எல்லாம் அக்ரிலிக். சேலத்து வெயிலில் அதை மடியில் வைத்துப் பின்னிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

பொம்மையைக் கையில் வாங்கியவர் முதலில் "அய்யோ, எவ்ளோ அழகு!" என்பார். அடுத்த நிமிஷமே வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்: "இதை வித்தா எவ்ளோ கிடைக்கும்?"

சாதாரணக் கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கொக்கி ஊசியின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. நம் ஊர்ப்பக்கம் நடந்ததும் அதில் உண்டு.

முதலில் ஊசியைப் பற்றிக் கொஞ்சம். குரோஷா என்று நம் வீடுகளில் சொல்வது பிரெஞ்சு வார்த்தை. சின்னக் கொக்கி என்று அர்த்தம். ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசி வேண்டும். குரோஷாவுக்கு நுனியில் கொக்கி வைத்த ஒரே ஊசி போதும். ஒரு வளையத்துக்குள் கொக்கியை விட்டு, நூலைப் பிடித்து இழுத்தால் அடுத்த வளையம். இவ்வளவுதான் சூத்திரம். அம்மா, பாட்டி தலைமுறையில் டிவி மேல் போடும் விரிப்பு, வாசல் தோரணம், டீப்பாய் துணி என்று இதில் போடாத ஐட்டம் கிடையாது. வயர் கூடை பின்னிய அதே கைகள்தான் மத்தியானத்தில் இதையும் பின்னின.

ஐரோப்பாவில் இது மிகப் பழைய கலை என்று சொல்வதுண்டு. ஆனால் குரோஷா மாதிரிகள் அச்சில் வந்ததற்குக் கிடைக்கும் முதல் தடயம், 1823ல் ஹாலந்தில் வெளிவந்த 'பெனலோப்பே' என்ற பெண்கள் பத்திரிகைதான். அப்படிப் பார்த்தால் குரோஷாவின் எழுதப்பட்ட வரலாறுக்கு வயது இருநூறு சொச்சம். நம்ம ஊர்க் கைத்தறியோடு ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த குழந்தை.

வயதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் 1589லேயே காலுறை பின்னும் எந்திரம் செய்துவிட்டார். ஜான் ஹீத்கோட் 1800களின் தொடக்கத்தில் லேஸ் வலை போடும் எந்திரம் கொண்டுவந்தார். இரண்டு ஊசிப் பின்னலின் பேரப்பிள்ளைதான் திருப்பூர் பனியன். எந்திரத்தில் நூலை மாட்டினால் கிலோ கணக்கில் துணி இறங்கும். குரோஷாவுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம், அல்லது துரதிர்ஷ்டம், வரவில்லை. ஒவ்வொரு தையலிலும் கொக்கி எந்த ஓட்டைக்குள் நுழைய வேண்டும் என்பதைக் கைதான் தேடிக் கண்டுபிடிக்கிறது. குரோஷா மாதிரித் தோன்றும் துணியை எந்திரம் போடும். ஆராய்ச்சிக்கூடங்களில் அசலையே செய்து பார்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆனால் கடைக்கு வரும் அளவில் அசல் குரோஷா போடுகிற எந்திரம் இன்றுவரை இல்லை.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பெரிய ஷோரூமில் தொங்குகிற குரோஷா சட்டையாக இருந்தாலும் சரி, ரோட்டோரத்தில் விற்கிற குரோஷா பையாக இருந்தாலும் சரி, எங்கேயோ ஒருவர் அதை உட்கார்ந்து, ஒவ்வொரு வளையமாக, கையால் போட்டிருக்கிறார். மலிவான குரோஷா என்று ஒன்று இருந்தால் அது மலிவான எந்திரத்தால் வந்ததாக இருக்க முடியாது.

அந்த மலிவு எங்கே தொடங்கியது? பசியில்.

1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோய் வந்து அழுகியது. அடுத்த நாலைந்து வருஷத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அப்போது கன்னியாஸ்திரீ மடங்களும் பாதிரியார் மனைவிமார்களும் கையிலெடுத்தது குரோஷா ஊசி. குளோன்ஸ் என்ற ஊரில் கசாண்ட்ரா ஹேண்ட் என்ற அம்மையார் 1847ல் ஏழைப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வெனிஸ் நகரத்து ஊசி லேஸைப் பார்த்து, அதே தோற்றத்தைக் குரோஷாவில் சீக்கிரம் கொண்டுவரும் வழி பிறந்தது. ரோஜாப்பூ ஒருத்தி, இலை ஒருத்தி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வலை போடுவது இன்னொருத்தி என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். இந்த வருமானத்தில் அடுப்பெரிந்த குடும்பங்களும் உண்டு, அமெரிக்காவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்த குடும்பங்களும் உண்டு.

இங்கே அயர்லாந்தை விட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு வரலாம். ஏனென்றால் அயர்லாந்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே இதே கதையின் வேறொரு வடிவம் நாஞ்சில் நாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819ல் நாகர்கோவில் வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், கூடவே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒரு திருத்தம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: அது குரோஷா அல்ல. தலையணை மாதிரி ஒரு மெத்தையில் குண்டூசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போடும் பில்லோ லேஸ். ஆனால் தென்தமிழ்நாட்டில் பெண்கள் வீட்டிலும் பள்ளியிலும் உட்கார்ந்து, நூலை முடிச்சாக்கி, கடல் கடந்த சந்தைக்கு விற்ற கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்தது. 1855ல்தான் அதை ஒழிக்கும் அரசாணை வந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிய பெண்கள் இருந்தார்கள் என்று அந்த மிஷனின் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஆளின் விலை இவ்வளவு. ஒரு முழம் லேஸின் கூலி இவ்வளவு. இரண்டையும் வகுத்தால் எத்தனை முழம் பின்னினால் தன்னைத் தானே வாங்கலாம் என்று தெரியும். அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டபடி ஒருத்தி உட்கார்ந்திருந்திருக்கிறாள்!

இன்னொரு பக்கம் அதே ஊரில், அதே காலத்தில் தோள்சீலைக் கலகம். நாடார் பெண்கள் மார்பின் மேல் சீலை போடக்கூடாது என்று அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள், பள்ளிகளையும் கோவில்களையும் கொளுத்தினார்கள். 1822ல் தொடங்கிய சண்டை 1859 ஜூலையில் அரசு இறங்கிவரும் வரைக்கும் விட்டுவிட்டு நடந்தது. அப்போதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு வாலை ஒட்டித்தான் அனுமதி கொடுத்தார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டைக்கும் கைமுனைக்கும் லேஸ் போன ஊரில், தன் தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொள்ள ஒருத்தி முப்பத்தேழு வருஷம் சண்டை போட வேண்டியிருந்தது. பாடப்புத்தகத்தில் இந்த இரண்டும் சேர்ந்து வருவதில்லை. சேர்த்துப் படித்தால்தான் அந்த லேஸின் எடை தெரியும்.

மால்ட் தம்பதியின் மகள் எலிசா. இவர் 1844ல் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார் தெரியுமா? 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய அதே ராபர்ட் கால்டுவெல்! இடையன்குடிக்குப் போன எலிசா அங்கேயும் பெண்களுக்கு லேஸ் பள்ளி ஆரம்பித்தார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856ல் வந்தது. அது எழுதப்பட்ட வீட்டுக்குப் பக்கத்தில் லேஸ் கட்டைகளின் டக்டக் சத்தமும் கேட்டிருக்கும். கணவர் பெயரில் சிலை இருக்கிறது, சென்னை மெரினாவில். மனைவி பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியாது.

குரோஷா நேரடியாகக் காலூன்றிய ஊர் என்றால் ஆந்திராவில் மேற்கு கோதாவரியின் நரசாபூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மிஷனரிகள் கொண்டுவந்து கொடுத்த ஊசி, சுற்றியிருக்கும் கிராமங்களுக்கெல்லாம் பரவியது. ஆரம்பத்தில் நூல் ஸ்காட்லாந்தின் கோட்ஸ் கம்பெனியிலிருந்து கப்பலில் வந்தது. பின்னி முடித்த லேஸ் திரும்பவும் கப்பலில் போனது. (அந்தக் கோட்ஸும் மதுரை மில்ஸும் 1974ல் சேர்ந்துதான் மதுரா கோட்ஸ் ஆனது. ஆங்கர் நூல்கண்டு வாங்கியவர்கள் எல்லோரும் இந்தக் கதைக்குத் தூரத்துச் சொந்தம்தான்.)

நரசாபூரை உலகத்துக்குக் காட்டியவர் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர். 1970களின் கடைசியில் அந்தக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்து, 1982ல் 'நரசாபூரின் லேஸ் பின்னுபவர்கள்' என்று புத்தகம் போட்டார். அவர் கண்டது இதுதான். லட்சம் பெண்களுக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறார்கள். வீட்டு வேலை போக, நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பின்னுகிறார்கள். ஏற்றுமதியில் நல்ல பணம் புரள்கிறது. ஆனால் பின்னுகிறவளுக்கு நாளுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. வயலில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இது தொடவில்லை.

எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறவளுக்கு ஏன் இந்தக் கதி? ஏனென்றால் அது வேலை என்று யாருமே சொல்லவில்லை. வியாபாரி, புருஷன், அரசாங்கம், கடைசியில் அவளேகூட அதை 'சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது' என்றுதான் சொன்னாள். வீட்டுக்குள் உட்கார்ந்து செய்வதால் அவள் தொழிலாளி அல்ல, இல்லத்தரசி. மக்கள்தொகைக் கணக்கில் வேலை இல்லாதவர். அயர்லாந்தில் நடந்த மாதிரியே இங்கேயும் பூ ஒருத்தி, இணைப்பு ஒருத்தி என்று வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருந்தது. அதனால் முழுப் பொருள் என்ன விலைக்குப் போகிறது என்பதே பலருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் என்ன கூலி என்றுகூடப் பேசிக்கொள்ளாத நிலை. விற்பது ஆண்கள், பின்னுவது பெண்கள்.

மீஸ் கவனித்த இன்னொரு விஷயம் இன்னும் கசப்பானது. பின்னிய பெண்களில் நிறையப் பேர் காப்பு சாதியைச் சேர்ந்தவர்கள். வெயிலில் வயலுக்குப் போகாமல் நிழலில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குக் கௌரவம். வயலுக்குப் போன தலித் பெண் அவர்களைவிட அதிகம் சம்பாதித்தாள்! கௌரவத்துக்கான வாடகையைக் கூலியிலிருந்து கழித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

நரசாபூர் குரோஷா லேஸுக்கு 2024ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம்தான். இனி வேறு ஊர்ச் சரக்கை நரசாபூர் என்று சொல்லி விற்க முடியாது. ஆனால் புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். ஒரு பூவுக்கு எத்தனை பைசா என்பதைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்காது.

இதெல்லாம் கோதாவரிக் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். பனமரத்துப்பட்டிப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் போதும். சேலத்துக்குத் தெற்கே இருக்கும் இந்த வட்டாரம் அரளிப் பூவுக்குப் பேர் போனது. விடியுமுன்னே மொட்டைப் பறித்தாக வேண்டும், விரிந்துவிட்டால் விலை போகாது. பறித்த பூ சேலத்து வ.உ.சி. மார்க்கெட்டுக்குப் போகும். சரமாகவும் மாலையாகவும் கட்டுகிற வேலை வீட்டுத் திண்ணைகளில் நடக்கும். நாரையோ நூலையோ விரலில் சுற்றி, ஒரு கண்ணி போட்டு, இரண்டு பூவை உள்ளே வைத்து இழுப்பதைக் கூர்ந்து பாருங்கள். ஊசி இல்லாத குரோஷா அது! கூலி முழக் கணக்கு. எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. "டிவி பார்த்துக்கிட்டே கட்டுறதுதானே" என்பார்கள்.

சேலம், இளம்பிள்ளைப் பக்கத்துத் தறி வீடுகளிலும் இதே சங்கதிதான். தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் கூலி. ராட்டையில் தார் சுற்றிக் கொடுக்கிற மனைவிக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து சுற்றுகிற பிள்ளைக்கும் தனியாகக் கூலி கிடையாது. சேலைக் கூலிக்குள்ளேயே அது கரைந்துவிடும். அந்தத் தார் இல்லாமல் நாடா ஒரு தடவைகூட ஓடாது என்பது தறி வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

சரி, முயலுக்கு வரலாம்.

ஐரோப்பியப் பின்னல் முறைகள் ஜப்பானுக்குப் பரவியது மெய்ஜி காலத்தில், அதாவது 1868க்குப் பிறகு. அமிகுருமி என்ற பெயர் இரண்டு சொல் ஒட்டிப் பிறந்தது. 'அமி' என்றால் பின்னியது. 'நுயிகுருமி' என்றால் தைத்துப் பஞ்சடைத்த பொம்மை. 1970களில் ஜப்பானில் எதைப் பார்த்தாலும் குட்டியாக, செல்லமாக இருக்க வேண்டும் என்ற மோகம் கிளம்பியது. ஹலோ கிட்டி பூனை பிறந்தது 1974ல். பெரிய தலை, சின்ன உடம்பு, வாயே இல்லாத முகம் என்ற இலக்கணம் அங்கிருந்துதான் வருகிறது. 2000களின் நடுவில் இணையம் வழியாக அமிகுருமி மற்ற நாடுகளுக்குத் தொற்றியது. கைவினைப் பொருள் விற்கும் எட்சி தளம் 2005லும், பின்னுகிறவர்களின் கூடாரமான ராவெல்ரி 2007லும் வந்தன. 2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கொக்கி ஊசியைத் தேடிப் பிடித்தது சமீபத்திய அத்தியாயம்.

லேஸிலிருந்து அமிகுருமி எப்படி வித்தியாசப்படுகிறது? லேஸின் அழகு ஓட்டையில் இருக்கிறது. பொம்மையில் ஓட்டை தெரியவே கூடாது, தெரிந்தால் பஞ்சு வெளியே வந்துவிடும். அதனால் நூலின் கனத்துக்குச் சொல்லும் அளவைவிடச் சின்ன ஊசியை எடுத்து நெருக்கி நெருக்கிப் போட வேண்டும். வரிசை வரிசையாகத் திருப்பிப் போடாமல், சுருள்படி மாதிரி விடாமல் சுற்றிக்கொண்டே போக வேண்டும்.

கணக்குப் பிடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்! நடுவில் ஒரு வளையம், அதில் 6 தையல். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் 12. பிறகு 18, 24, 30. சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூடினால் தட்டையான வட்டம் கிடைக்கும். வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப் போல 2π மடங்கு, அதாவது 6.28 மடங்கு. தையலின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் ஆறு அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கூட்டுவதை நிறுத்தினால் வட்டம் கிண்ணமாக மடங்கும். குறைக்க ஆரம்பித்தால் மூடிப் பந்தாகும். அதுதான் முயலின் தலை. மாறாக, ஆறுக்கு மேல் தாறுமாறாகக் கூட்டிக்கொண்டே போனால் ஓரம் கோழிக்கொண்டை மாதிரி சுருண்டு சுருண்டு நெளியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை 1997ல் இதையே பிடித்து, அதிபரவளையத் தளம் என்ற விசித்திர வடிவத்தைக் குரோஷாவில் பின்னி மாணவர்கள் கையில் கொடுத்தார். அதுவரை காகிதத்தில் வெட்டி ஒட்டிய மாதிரிகள் கை பட்டால் பிய்ந்துவிடும். 'சும்மா இருக்கும் நேரத்து வேலை' கணக்கு வகுப்புக்குள் நுழைந்த கதை இது.

அமிகுருமியின் உண்மையான புதுமை கணக்கில்கூட இல்லை. இந்த ஊசியைப் பெரும்பாலோர் கூலிக்காக எடுக்கவில்லை. ஒருவரை நினைத்து, அவருக்காகப் பின்னுகிறார்கள். தோழிக்குப் பிடித்த நிறம், தம்பிக்குப் பிடித்த டைனோசர், செத்துப்போன வீட்டு நாயின் காதில் இருந்த வெள்ளைப் புள்ளி. ஏற்றுமதி ஆர்டரில் இதெல்லாம் வராது. ஆயிரம் ஒரே மாதிரி ரோஜாப்பூ போட்ட ஊசி, ஒரே ஒரு நாயைப் போடுகிறது.

யாரென்றே தெரியாதவர்களுக்கும் இப்படிப் பின்னுகிறார்கள். டென்மார்க்கில் 2013ல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காகக் குட்டி ஆக்டோபஸ் பின்னிக் கொடுக்கும் வழக்கம் ஆரம்பித்தது. அதன் சுருள் கைகளைப் பிடித்துக்கொண்டால் குழந்தைக்குத் தொப்புள்கொடி ஞாபகம் வரும், மூக்கில் செருகிய குழாயைப் பிடித்து இழுக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. இதற்குப் பெரிய மருத்துவ நிரூபணம் கிடையாது. ஆனால் விதிகள் கறார்: சுத்தமான பருத்தி நூல், சூடான தண்ணீரில் துவைக்கத் தாங்க வேண்டும், கையின் நீளம் குழந்தையின் கழுத்தைச் சுற்றாத அளவு. இந்தப் பொம்மைகளைக் காசுக்கு விற்கக்கூடாது.

விற்க ஆரம்பித்தால்தான் சிக்கல். நரசாபூர் கணக்கு திரும்ப வந்து நிற்கும். உதாரணத்துக்கு ஒரு கையளவு முயல் என்று வைத்துக்கொள்ளலாம். கை பழகியவருக்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். நூல், பஞ்சு, கண் எல்லாம் சேர்த்து 80 ரூபாய் போடுங்கள். 300 ரூபாய் என்று விலை சொன்னால் "பொம்மைக்கு முந்நூறா? கடையில நூத்தம்பதுக்கு கரடியே கிடைக்குதே" என்பார்கள். கடைக் கரடி எந்திரம் வெட்டித் தைத்தது. 250க்குப் பேரம் முடிந்தால் கையில் நிற்பது 170. ஐந்தரை மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 31 ரூபாய். எட்டு மணி நேரம் விடாமல் பின்னினாலும், விரல் வலியோடு, நாளுக்கு 250 ரூபாய் தாண்டாது. தினம் ஆர்டர் வந்தால்தான் அதுவும். இன்ஸ்டாகிராமில் கடை போட்டு நாலு மாதத்தில் மூடிவிடுகிற பெண்கள் சோம்பேறிகள் அல்ல, வகுத்தல் கணக்குப் போட்டவர்கள்.

விலையைச் சரியாகச் சொன்னால் வாங்க ஆள் இல்லை. குறைத்துச் சொன்னால் பக்கத்தில் பின்னுகிறவளின் விலையும் சேர்ந்து இறங்கும். பொழுதுபோக்காகப் பின்னி நூல் காசுக்கே விற்கிறவர் ஒருவர், அதை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரின் வயிற்றில் அடிக்கிறார் என்ற சண்டை உலகம் முழுக்கக் கைவினைக்காரர்களிடையே நடக்கிறது. அதனால்தான் நிறையப் பேர், விற்பதற்குப் பதில் சும்மாவே கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். பரிசாகக் கொடுத்தால் யாரும் அதன் மணி நேரத்தை வகுத்துப் பார்ப்பதில்லை. முந்நூறு ரூபாய்க்கு முகம் சுளிக்கிற அதே அத்தை, பரிசாக வந்த முயலைக் கண்ணாடி அலமாரியில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவின் கதையையும் இந்த இடத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியாவிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், அவரவர் வீட்டில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பின்னி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் இணைத்து, 2016 ஜனவரியில் சென்னையில் விரித்தபோது அது 11,148.5 சதுர மீட்டர் போர்வை. உலகத்திலேயே பெரிய குரோஷாப் போர்வை என்று கின்னஸ் பதிவு செய்தது. அடுத்தடுத்த வருஷங்களில் மிக நீளமான குரோஷா ஸ்கார்ஃப், மிக அதிகமான குரோஷாப் பொம்மைகளின் காட்சி என்று அவர்கள் வேறு சாதனைகளுக்கும் போனார்கள்.

வேலை முறையைப் பார்த்தால் அப்படியே நரசாபூர்தான். வீட்டுக்குள் உட்கார்ந்த பெண்கள், துண்டு துண்டான வேலை, கடைசியில் ஓரிடத்தில் இணைப்பு. ஆனால் நடுவில் வியாபாரி இல்லை, கூலியும் இல்லை. ஒவ்வொருத்தியும் தான் போட்ட துண்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தே போட்டாள். சதுர மீட்டருக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்று வைத்தால்கூட, அந்த மைதானத்தில் விரிந்து கிடந்தது 1 லட்சத்து 67 ஆயிரம் மணி நேரம். சாதனை முடிந்ததும் போர்வையைப் பிரித்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது என்று பின்னும்போதே முடிவு செய்திருந்தார்கள்.